கோணையனும் நாலுகையனும்

மாப்பிள்ளை, எப்படி இருக்கிறாய்? முட்டி வலி இப்போதாவது விட்டதா? சாம்பாரில் உப்பு இல்லை என்று அங்கேயும் யாரிடமாவது மல்லுக்கு நிற்கிறாயா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அலுப்பு ஒன்றைத் தவிர. காலையில் எழுந்திருக்கும்போதே வேலை முடித்து வந்தவன் மாதிரி இருக்கிறது உடம்பு.

இன்றைக்கு டிராக்டர் பின்னால் மாட்டுகிற உன் ஹாரோவுக்கு கிரீஸ் அடித்தேன். நீ போனதிலிருந்து அதன்மேல் போட்ட கித்தானை நான் எடுக்கவே இல்லை. கிரீஸ் கன்னை வைத்து அமுக்கினால் முதலில் ஒன்றும் நகரவில்லை. பிறகு பேரிங் ஓரமாகப் பழைய கிரீஸ் கறுப்பாக, கெட்டியாக, புழு மாதிரி வெளியே வந்தது. அது நீ அடைத்தது. டெங்கில் ஊர் மண்ணும் எண்ணெயும் சேர்ந்த அந்த வாடை, வேலை முடிந்து நீ பக்கத்தில் வந்து உட்காரும்போது வீசுமே, அதே வாடை. துணியால் துடைத்தேன். துடைத்த துணியை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

உட்கார்ந்து உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கிள்ளானில் நாம் சாமான் போட்டு வைத்திருக்கும் இந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். போர்ட் கிள்ளானுக்குப் போகும் லோரிகளை இங்கே நிறுத்தப் போகிறார்களாம். டிராக்டரை என் தங்கச்சி பார்வதி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். ஆனால் டெங்கிலில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் டிராக்டர் போக ஒரு ஹாரோவுக்குத்தான் இடம். ஒன்று இருக்கலாம், ஒன்று போகவேண்டும். உன்னுடையதா, என்னுடையதா என்பதுதான் பேச்சு. வாங்குகிறவரின் லோரி சாலாக் செலாத்தானிலிருந்து கிளம்பிவிட்டது. அது வந்து சேர்வதற்குள் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

நாம் முதலில் ஹாரோ வாங்கப் போனது உனக்கு நினைவிருக்கும். போர்ட் கிள்ளானில் பழைய இயந்திரங்கள் விற்ற அந்த பாய் கடை. பாதிக் கடை சாமான், பாதிக் கடை பூனை. கோழிக்குஞ்சு மாதிரி காலுக்குள் வந்து வந்து புகும். நீ ஒரு பூனையை மிதித்துவிட்டு அதனிடமே மன்னிப்புக் கேட்டாய். பாய் அதைப் பார்த்துத்தான் நம்மை நல்ல மனிதர்கள் என்று நம்பினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். குடிக்கத் தே தாரிக் வரவழைத்தார். நமக்கு அப்போது ஹாரோ என்றால் தட்டு வைத்த ஏதோ ஒன்று, டிராக்டர் பின்னால் இழுத்தால் கட்டி உடையும், அவ்வளவுதான் தெரியும்.

பாய் முதலில் ஒற்றை வரிசை ஒன்றைக் காட்டினார். தட்டுகள் ஒரே வரிசையில், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து நின்றன.

"இது மண்ண ரெண்டு பக்கமும் தள்ளிட்டு போய்ட்டே இருக்கும் தம்பி. நடுவுல வாய்க்கா மாதிரி பள்ளம் விழும். திரும்பி வந்து மூடாது. ஒங்களுக்கு வேணாம்."

"விக்கிறவரே வேணாம்னு சொல்றீங்களே பாய்," என்றாய் நீ.

"நாளைக்கு நீங்க திரும்பி வந்து என் கழுத்தப் புடிப்பீங்கல்ல? அதுக்குத்தான்."

அடுத்து ஆஃப்செட் என்ற வகை. பாய் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின் பின்னால் ஒன்றாக, எதிரெதிராகச் சாய்த்துக் காட்டினார். முன் வரிசை மண்ணை வலது பக்கம் எறியும், பின் வரிசை அதே மண்ணை இடது பக்கம் திருப்பிப் போடும். நடுவில் கோடு விடாது. கனம் அதிகம், ஆழமாக இறங்கும். முன் தட்டுகளில் பல் வெட்டியிருக்கும், வேரையும் லாலான் புல்லையும் கடித்து அறுக்க. பின்னால் வருகிற தட்டு வழவழ ஓரம், உடைத்ததைப் பொடியாக்க.

பிறகு டேண்டம். அதைக் காட்ட பாய்க்குக் கை போதவில்லை.

"தம்பி, ஒங்க ரெண்டு கையும் குடுங்க."

நீ கொடுத்தாய். முன்னால் அவர் கை இரண்டும், பின்னால் உன் கை இரண்டும், பெருக்கல் குறி மாதிரி. முன்னால் இருக்கிற இரண்டும் மண்ணை வெளியே தள்ளும், பின்னால் இருக்கிற இரண்டும் உள்ளே கூட்டும். இலேசு, வேகம், மேல் மண்ணைப் பொடியாக்கிப் பரப்பும். ஆனால் ஆழம் போகாது. முன்வரிசை இரண்டுக்கும் நடுவில் உடையாத கோடு ஒன்று நிற்கும். இரண்டாவது தரம் பாதி பாதியாக மேலே ஏறி ஓட்டினால்தான் அது போகும். கடைக்கு வந்த இன்னொருத்தர், நீங்கள் இரண்டு பேரும் கை கோத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், நிச்சயதார்த்தமா?" என்று கேட்டார். அன்றைக்கே அதற்கு நாலுகையன் என்று பேர் வைத்துவிட்டாய். நான் ஆசைப்பட்ட ஆஃப்செட் டிராக்டருக்கு நேர் பின்னால் வராமல் ஒரு பக்கம் ஒதுங்கி வருகிறது என்று அது கோணையன்.

முதலில் கோணையனைத்தான் வாங்கினோம். எண்ணெய்ச் செம்பனை மரம் வெட்டிய நிலங்கள் அப்போது நிறைய வந்துகொண்டிருந்தன, வேர் அறுக்க அதுதான் சரி. அன்றைக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் போய் மாலை வாங்கினோம். பூக்கடை அக்கா, "பொண்ணுக்கா, மாப்ளைக்கா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்லக்கா, ஹாரோவுக்கு," என்று நீ முகத்தை அசைக்காமல் சொன்னாய். அவர் அசரவில்லை. "எத்தன அடி?" என்றார். அந்த அக்காவின் கடைக்குப் பக்கத்து மாடியில்தான் இப்போது உன் மகள் கவிதா வாடகைக்கு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து பூ வாங்கி வந்து உன் படத்துக்குப் போடுகிறாள். எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். நீ இருந்தால், "மச்சான், கியர மாத்து," என்பாய்.

கோணையனுக்கு ஒரு சட்டம் உண்டு. தட்டுகள் மண்ணில் இறங்கி இருக்கும்போது இடது பக்கம்தான் திரும்பவேண்டும். வலது பக்கம் திருப்பினால் முன் வரிசையும் பின் வரிசையும் ஒன்றை ஒன்று மல்லுக்கட்டும், பாரம் எல்லாம் இரும்புச் சட்டத்தில் ஏறும். நம்முடையதில் தூக்குகிற வசதியும் கிடையாது, இழுத்துக்கொண்டே போகிற வகை. நிலத்தின் ஓரத்தில் ஆரம்பித்து இடது இடதாகச் சுற்றி நடுவுக்கு வரவேண்டும். பாய் இதைப் படித்துப் படித்துச் சொன்னார். நீயும் தலையை ஆட்டினாய்.

டெங்கிலில் முதல் நாள். நீ டிராக்டருக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாய். எல்லாம் சரி. நீ ஏறி உட்கார்ந்து ஓட்டினாய். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மூலைக்கு வந்ததும் வலது பக்கம் ஒடித்தாய் பார்.

"டேய்! லெஃப்ட்டு லெஃப்ட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தேன்.

நீ காதில் வாங்கவில்லை. இரண்டாவது மூலையிலும் வலது. மூன்றாவது மூலையில் டமார் என்று ஒரு சத்தம். பேரிங் கூடு வெடித்து, இழுவைக் கம்பி வாழை மட்டை மாதிரி வளைந்து நின்றது. நீ இறங்கி அதைச் சுற்றி வந்து பார்த்தாய்.

"ஏன்டா, பாய் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சி மச்சான். மொத சுத்து மட்டும்தான். கோயில எந்தப் பக்கமா சுத்துவோம்? பொணத்ததான் இடது பக்கமா சுத்துவாங்க. வெள்ளாம நெலத்த மொத நாளே அப்படிச் சுத்தறதா?"

"சாமிக்கு பேரிங் கெடையாதுடா!"

"மொத சுத்துக்கு அப்புறம் ஒன் இஷ்டப்படி சுத்தியிருப்பேன்லா," என்றாய், ஏதோ கோணையன்தான் பொறுமை இல்லாமல் நடந்துகொண்டது மாதிரி.

அதற்குப் பிறகு நீ கோணையன்மேல் ஏறவே இல்லை. உன் பிடிவாதம் உனக்கு. நாலுகையன் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதற்காகவே மறுபடி பாய் கடைக்குப் போய் அதை வாங்கி வந்தாய். மண்ணுக்கு எது பொருந்தும் என்று பார்த்து வாங்குவார்கள் எல்லாரும். சாமிக்கு எது பொருந்தும் என்று பார்த்து வாங்கியவன் நீ ஒருத்தன்தான். ஆனால் அது நமக்கு நன்றாகவே அமைந்தது. நான் முன்னால் போய் ஆழமாக உடைத்துப் போடுவேன், இடதாகச் சுற்றிக்கொண்டு. நீ பின்னால் வந்து பொடியாக்கிச் சமம் பண்ணுவாய், வலதாகச் சுற்றிக்கொண்டு. நிலத்தில் எங்கேயாவது ஒரு இடத்தில் எதிரெதிரே வருவோம். ஒவ்வொரு தடவையும் நீ தொப்பியைத் தூக்கி, யாரோ தெரியாத ஆளைப் பார்த்த மாதிரி, "வணக்கம் பாஸ், எந்த ஊரு?" என்பாய். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வெயிலில் அதற்குச் சிரிக்க எப்படித் தெம்பு இருந்ததோ.

பார்வதியை நீ கட்டிய பிறகு, மாப்பிள்ளையை 'வாங்க, போங்க' என்று கூப்பிடவேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் முயன்றேன். "இடது பக்கம் ஒதுங்குங்க மாப்பிள்ளை," என்று நான் சொன்னதும் நீ ஸ்டியரிங்மேல் விழுந்து சிரித்தாய். அதோடு விட்டுவிட்டேன்.

அந்தக் கடைசி நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீ எழுந்திருக்கவில்லை என்று பார்வதி போன் பண்ணினாள். நான் அப்போது நிலத்தில் இருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு வந்தேன். மின்சுடலையில் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றபோது அங்கிருந்த பெரியவர், "எடது பக்கமா சுத்தி வாங்க," என்றார். மற்றவர்கள் ஒரு நொடி தடுமாறினார்கள். என் கால் தடுமாறவே இல்லை மாப்பிள்ளை. இத்தனை காலம் இடதாகவே சுற்றிப் பழகிய கால், உன்னையும் சரியாகச் சுற்றிவிட்டது. அன்றைக்கு எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

உன் டிராக்டரைக் கொடுத்துவிட்டோம். நாலுகையனைக் கேட்டு யாரும் வரவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. கோணையனை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டினேன். பார்வதியின் சோளக் கொல்லையையும் அதைக் கொண்டுதான் உழுதேன். போகம் போகமாக உழுத மெத்து மண் அது. அதற்குப் போய் அவ்வளவு கனமான சாமானை இறக்கினால் என்ன ஆகும்? அடிமண் மேலே வந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. சோளம் ஒரு இடத்தில் இடுப்புக்கும் ஒரு இடத்தில் முழங்காலுக்கும் நின்றது.

பார்வதி வந்து பார்த்தாள். "அண்ணே, இது சோளக் கொல்லையா, எரும படுத்து எழுந்த எடமா?"

"மழ சரியில்ல," என்றேன்.

"மழ பக்கத்து கொல்லையிலயும்தான் பெஞ்சுது."

 அந்தச் சோளம்தான் அவளுக்குச் சாப்பாடு என்பது உனக்குத் தெரியும். பாசாரில் விற்க அந்தத் தடவை அவள் தட்டில் வைத்ததெல்லாம் குட்டிக் குட்டிக் கதிர்கள். எல்லாரும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்களாம். கவிதாதான் சொன்னாள்.

இப்போது வாங்க வருகிறவர் முருகையா. சாலாக் செலாத்தானில் டயர்க்கடை வைத்திருக்கிறார். டெங்கில் பக்கம் கொய்யாத் தோட்டம் ஒன்று எடுத்திருக்கிறார். மரத்துக்கு அடியில் லாலான் மண்டிக் கிடக்கிறது, அதை அறுத்துப் புரட்ட ஹாரோ வேண்டும். போன வாரம் இங்கே வந்தார். கோணையனை ஒரு பார்வை பார்த்தார். துரு, உழைத்த தழும்பு, ஒட்டுப்போட்ட சட்டம். நாலுகையன்மேல் கித்தானைத் தூக்கினார். நீ அடித்த பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது.

"அண்ணே, இது போதும்லா. லைட்டாவும் இருக்கு, பாக்கவும் புதுசா இருக்கு."

பார்வதி பக்கத்தில் நின்றாள். "குடுத்துடுண்ணே," என்றாள். "நீ கான்ட்ராக்ட் வேலைக்குப் போவணும்னா ஒன்னோடதுதானே வேணும்."

அவள் சொன்னது நியாயம். செம்பனை நிலம், புது நிலம் எதற்குக் கூப்பிட்டாலும் கோணையன் இல்லாமல் நான் போகமுடியாது. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆனாலும், தோட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தேன். கொய்யாக் கிளைகள் என் இடுப்பு உயரத்துக்குத் தொங்கின. காயோடு, குடை விரித்த மாதிரி. அந்தக் கிளைகளுக்குக் கீழேதான் லாலான். நாலுகையன் டிராக்டருக்கு நேர் பின்னால் வருகிற சாமான். அது மரத்தடிக்குப் போகவேண்டுமானால் டிராக்டரும் போகவேண்டும். கிளை முறியும், ஓட்டுகிறவன் முகமும் கிழியும். கோணையன் ஒதுங்கி வருகிறவன். டிராக்டர் வெளியே வெட்டவெளியில் போகும், அவன் மட்டும் குனிந்து உள்ளே நுழைந்து அறுத்துவிட்டு வருவான். லாலான் வேரைக் கடிக்கப் பல்லும் அவனுக்குத்தான் இருக்கிறது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

முருகையாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்தவரு சாமான், குடுக்க மனசு வரல. அதானே அண்ணே? நேரா சொல்லுங்களேன், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"அது இல்ல முருகையா. இதக் கொண்டு போனீங்கன்னா ஒரே நாள்ல கொய்யா எல்லாம் கீழ கெடக்கும்."

"பழசத் தள்ளிவிடப் பாக்கறீங்களோன்னுகூட நெனச்சேன்."

"நெனைங்க. ஓட்டிக் காட்டறேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

கோணையனைக் கொண்டுபோய் ஒரு வரிசை ஓட்டிக் காட்டினேன். ஒரு காய் விழவில்லை. லாலான் வேர் வெள்ளை வெள்ளையாக மேலே வந்து கிடந்தது. முருகையா குனிந்து ஒரு வேரை எடுத்துப் பார்த்துவிட்டு, "சரி அண்ணே, இதையே எடுத்துக்கறேன். காசோட லோரி அனுப்பறேன், அதுவரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். அவருடைய டிரைவரைக் கூப்பிட்டு, இடது பக்கம்தான் திரும்பவேண்டும் என்று, பாய் நமக்குச் சொன்ன மாதிரி, படித்துப் படித்துச் சொன்னேன். அந்த ஆளும் தலையை ஆட்டினான். சாமி கும்பிடுகிற ஆளா என்று கேட்டு வைத்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஆனால் முருகையா கேட்டது எனக்குள்ளேயே நிற்கிறது மாப்பிள்ளை. கொய்யா மரத்துக்காகச் சொன்னேனா, உனக்காகச் சொன்னேனா? மரத்துக்காகத்தான் என்று உறுதியாகத் தெரியும். ஆனால் அந்தக் கிளைகள் தாழ்ந்து தொங்கியதைப் பார்த்தபோது எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதியாக இருந்தது? அதற்குத்தான் பதில் தெரியவில்லை.

பார்வதிக்கு இது பிடிக்கவில்லை. நேற்று சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒன் ஹாரோவ குடுத்துட்டா கான்ட்ராக்டுக்கு எதவச்சிப் போவ?"

"போவல."

"அப்ப வேலைய விட்டுட்றியா? இல்ல, அவரு சாமான வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே ஒக்காரப் போறியா? அவரு ஒண்ணும் சாமி இல்லண்ணே. எனக்கே அது தெரியும், ஒனக்குத் தெரியாதா?"

நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் கிள்ளானுக்கு வந்து, இப்போது இங்கே வாசல் பக்கம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சீலையை இழுத்துச் செருகிய விதத்திலேயே கோபம் தெரிகிறது. அவளிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன், சரியாக வருகிறதா பார்.

எனக்கு முடியவில்லை மாப்பிள்ளை. வேர் நிலம், கல் நிலம் எல்லாம் இனி இந்த உடம்புக்கு ஆகாது. முன்னால் போய் உடைக்கிற வேலையை நிறைய நாள் செய்துவிட்டேன். நீ பின்னால் வருகிறாய் என்ற தைரியத்தில் கட்டி கட்டியாகப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். இப்போது பின்னால் யாரும் வரவில்லை. அந்தக் கட்டி எல்லாம் பார்வதியின் சோளத்தில் வந்து நின்றது. அவள் கொல்லை ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது. அதற்கு உன்னுடையதுதான் சரி. நடுவில் விடுகிற கோட்டை இரண்டாவது தரம் ஓட்டி அழித்துக்கொள்வேன், நீ செய்தது மாதிரியே. வேலையை விடவில்லை என்று அவளிடம் சொல்லப் போகிறேன். பாதிதான் விட்டிருக்கிறேன்.

ஹாரன் கேட்கிறது. லோரி வந்துவிட்டது போல. பார்வதி திரும்பிப் பார்க்கிறாள்.

"அண்ணே, வந்துட்டாங்க! சங்கிலி எங்க மாட்டறதுன்னு கேக்கறாங்க!"

போகிறேன், ஒரு நிமிஷம். நாளைக்குக் காலையில் நாலுகையனைப் பூட்டிக்கொண்டு அவள் கொல்லையில் இறங்குகிறேன். சூடம் காட்டுகிறேன், எலுமிச்சம்பழம் வைக்கிறேன், அதில் எல்லாம் குறை வைக்க மாட்டேன். எந்தப் பக்கமாகச் சுற்றப் போகிறாய் என்று மட்டும் இப்போதே கேட்காதே. ஏனென்றால் அந்த முதல் மூலைக்கு வந்ததும் நான்

"அண்ணே! காதுல விழுதா இல்லையா?"

இதோ வந்துட்டேன்லா, அந்த மூலைக்கு வந்ததும் நான் வலதா, இடதா என்று எனக்கே இன்னும்